எனக்கென்று ஒரு மூச்சு

அன்று காலை பதினொரு மணித் தேத்தண்ணிக்கு முன்பே நான் ஒருவரைப் போத்தலால் தலையில் அடித்திருந்தேன். பக்கத்து வளவுப் பலாமரத்தை வேலி தாண்டிப் போய் வெட்டியிருந்தேன். லைசன்ஸ் இல்லாமல் முச்சக்கரவண்டி ஓட்டிப் பிடிபட்டு, "இனிமேல் செய்ய மாட்டேன் சேர்" என்று கெஞ்சியும் விட்டிருந்தேன்.

பயந்துவிடாதீர்கள். நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். கூண்டில் நிற்பவர் தமிழில் "நான் அடித்தேன்" என்றால், "அவர் அடித்ததாகச் சொல்கிறார்" என்று நான் சிங்களத்தில் சொல்லக் கூடாது. "நான் அடித்தேன்" என்றே சொல்ல வேண்டும். எங்கள் தொழிலின் முதல் பாடமே அதுதான். திருடன் பேசினால் நான் திருடன், பறிகொடுத்தவர் பேசினால் நான் பறிகொடுத்தவள்.

அடுத்த வழக்குக்குப் பெயர் கூப்பிட்டார்கள். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஓர் அம்மா கூண்டில் ஏறினார். என் வயதுதான் இருக்கும். கூண்டின் விளிம்பைப் பிடித்த விரல்களில் கொழுந்துக் கறை. அவருடைய மகன் டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலை பார்த்தவன். பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்து, விழுந்து, இறந்துபோனான். சாரதி மீது வழக்கு.

"காலையில ரொட்டி சுட்டு வச்சேன்," என்றார் அந்த அம்மா. நான் சிங்களத்தில் சொன்னேன்.

"நேரமாச்சின்னு சாப்பிடாமயே ஓடுனான் எம் மகன்."

"என் மகன்" என்று தொடங்க வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

என் மகன் பிரசாத்தும் அன்று காலை குண்டசாலை பஸ்ஸில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போயிருந்தான். தொண்டையில் எதுவோ வந்து அடைத்தது. நெஞ்சு அடித்த அடி எனக்கே காதில் கேட்டது. நீதவான் என்னைப் பார்த்தார், சட்டத்தரணி பார்த்தார், பொலிஸ்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீர் உள்ளே போயிற்று, சொல் வெளியே வரவில்லை. அன்று வேறு மொழிபெயர்ப்பாளரும் இல்லை. வழக்கைத் தள்ளிப்போட்டார்கள்.

கூண்டிலிருந்து இறங்கும்போது அந்த அம்மா என்னைத்தான் கேட்டார்: "அப்ப நா மறுபடியும் வந்து, எல்லாத்தையும் மொதல்லேருந்து சொல்லணுமாம்மா?"



வாயை வாடகைக்கு விட்டவள்

போன வாரம் இந்தப் பத்தியில் வந்த என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு, "தொழிலைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வாயைத் திறந்து திறந்துதானம்மா இந்தக் கதை வந்தது.

நான் கண்டி டவுனில் பிறந்தவள். அப்பா மாநகரசபையில் கிளார்க். இந்தப் பக்கத்து வீட்டில் சிங்களம், அந்தப் பக்கத்து வீட்டில் முஸ்லிம் வீட்டுத் தமிழ், எங்கள் வீட்டில் எங்கள் தமிழ். மூன்றும் எனக்கு ஒரே நேரத்தில் வந்தன. எது எந்த மொழி என்று பிரித்துப் பார்க்கவே பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன். தமிழ் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் நீதிமன்றத்துக்கு ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். காலையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் "அவர் பேந்து வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்" என்பார். அடுத்து வருகிறவர் "எங்கட வாப்பாதான் காணியை உட்டுட்டுப் போனாரு" என்பார். மத்தியானம் தோட்டத்து ஆள் ஒருவர் "கங்காணி பெரட்டுல வச்சு ஏசுனாருங்க" என்பார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் என்று தெரியாத மொழிபெயர்ப்பாளர், அந்த ஆளுக்கு நீதி வாங்கித் தர முடியாது. இத்தனை வருடத்தில் ஒரு சொல்லைக்கூட நான் கீழே சிந்தியதில்லை. சட்டத்தரணிகள் என்னைப் பார்த்துத் தங்கள் கேள்வியைத் திருத்திக்கொண்டதுண்டு.

ஆனால் சிந்தாத சொல்லெல்லாம் எங்கே போகும்? என்னிடம்தான் தங்கியது. மார்க்கெட்டில் போஞ்சிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பேன். "காதுத் தோட்டைப் பார்த்துத்தான் என் மகள் என்று அடையாளம் காட்டினேன்" என்று மூன்று வருடத்துக்கு முன் நான் சொன்ன ஒரு வாக்கியம் வந்து நிற்கும். பொறுக்கிய காயையெல்லாம் மறுபடியும் குவியலிலேயே கொட்டிவிடுவேன். போஞ்சிக்காரர் "மிஸ், சுகமில்லையா?" என்பார். வெயில் என்று சமாளிப்பேன். கண்டியில் அடைமழை பெய்துகொண்டிருக்கும்.

குரல் அடைத்த பிறகு டாக்டரிடம் போனேன். என் மகன் வயதுப் பையன். நெஞ்சில் வயர்களை ஒட்டி, தாளில் ஓடிய கோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மிஸ், உங்க ஹார்ட் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் நல்லா இல்ல." மனஅழுத்தம், பதற்றம் என்றார். குளிசை எழுதித் தந்தார். அதோடு தியானம் மாதிரி ஏதாவது பழகச் சொன்னார்.

சும்மா இருக்க ஒரு பள்ளிக்கூடம்

நீதிமன்றப் பதிவறையில் என்னோடு வேலை செய்யும் குமாரி சிங்களப் பெண். அவள்தான், "அக்கே, ஞாயிற்றுக்கிழமை என்னோடு வாங்க" என்று சிங்களத்தில் சொல்லி, மலை மேல் இருக்கும் ஒரு தியான நிலையத்துக்குக் கூப்பிட்டாள்.

எனக்குத் தயக்கம். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவள். தேங்காய் உடைத்தால் போதாதா, இவர்களிடம் போய்க் கண்ணை மூட வேண்டுமா என்று இருந்தது. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். டவுனில் சின்னதாக ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். எதற்கும் பதற மாட்டார், எதையும் கேலி செய்யாமல் விடவும் மாட்டார்.

"சும்மா உக்காந்திருக்கச் சொல்லிக் குடுக்க ஒரு பள்ளிக்கூடமா?" என்றார். "மத்தியானத்துல நம்ம கடைக்கு வந்து பாரு ராணி. நா தெனமும் அதத்தான் செய்றேன்."

பிறகு, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், "போய்ட்டு வாயேன். புள்ளையாரு கோவிச்சுக்க மாட்டாரு. அவரும் உக்காந்தேதானே இருக்காரு," என்றார்.

போனேன். முச்சக்கரவண்டி முக்கி முனகி மலை ஏறியது. மண்டபத்தில் ஈரப் பாய் வாசனை, அரலிய பூ வாசனை, வெளியே கூரையில் குரங்குகள் ஓடும் சத்தம். சொல்லிக் கொடுப்பவர் ஒரு பௌத்தத் துறவிப் பெண். சில் மாதா என்று கூப்பிட்டார்கள். முப்பது வயதுகூட இருக்காது. வட்டக் கண்ணாடி. முன்பு ஒரு வங்கியில் வேலை பார்த்தவராம். இந்தப் பிள்ளை எனக்கு என்னத்தைச் சொல்லித் தரப் போகிறது என்று நினைத்தபடிதான் உட்கார்ந்தேன்.

கண்களை மூடச் சொன்னார். எல்லோரும் மூடினோம். சில் மாதா மெதுவாகச் சிங்களத்தில் தொடங்கினார்.

"மூச்சு உள்ளே வருகிறது." நிறுத்தினார்.

"அதைத் தெரிந்துகொள்ளுங்கள்." நிறுத்தினார்.

"அதை மாற்ற வேண்டாம்." நிறுத்தினார்.

பக்கத்திலிருந்து யாரோ என் தொடையைக் கிள்ளினார்கள். கிள்ளியது குமாரிதான். கண்ணைத் திறந்தால், மண்டபம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆடின காலும் பாடின வாயும்

நடந்தது இதுதான். நீதிமன்றத்தில் ஒருவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினால், அந்த நிறுத்தம் எனக்கான இடம். அதில் நான் பேசியாக வேண்டும். பேசாவிட்டால் வேலை நின்றுவிடும். சில் மாதா நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும், கண்ணை மூடிய நிலையில், கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவர்வரைக்கும் கேட்கிற என் நீதிமன்றக் குரலில் நான் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். "மூச்சு உள்ளே வருகிறது! அதைத் தெரிந்துகொள்ளுங்கள்! அதை மாற்ற வேண்டாம்!"

எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

பாயைச் சுருட்டிக்கொண்டு அப்படியே மலையிலிருந்து உருண்டுவிடலாம் போல இருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு கனத்த குரல், தமிழில்:

"பிள்ளை, நிப்பாட்டாதையும். எனக்கு இப்பதான் விளங்குது!"

ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஐயா ஒருவர். யாழ்ப்பாணத்தவர். மாதக்கணக்காக வந்து, சிங்களத்தில் பாதி விளங்காமலே, எல்லாம் விளங்கியவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். இப்போது மண்டபமே சிரித்தது. சில் மாதாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்கு நினைவில்லை.

முடிந்த பிறகு கொட்டிலில் வெறுந்தேநீரும் கித்துள் கருப்பட்டியும் தந்தார்கள். நான் சில் மாதாவிடம் போய், வாராவாரம் வந்து மொழிபெயர்த்துத் தருகிறேன் என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. வேலை கிடைத்துவிட்டால் நான் எங்கேயும் சமாளித்துக்கொள்வேன்.

சில் மாதா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "மூச்சு உள்ளே வருகிறது என்று நான் சொன்னபோது, உங்கள் மூச்சு எங்கே இருந்தது?"

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேருடைய மூச்சையும் உள்ளே வரச் சொன்னேன், என் மூச்சு வந்ததா போனதா என்று பார்க்கவே இல்லை. இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் கருப்பட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுவது நன்றாகவா இருக்கும்? ஆனாலும் அழுதேன்.

அவர் அவசரப்படவில்லை. அழுது முடித்ததும் சொன்னார்: "நீங்கள் கொஞ்சம் முந்தி வாருங்கள். அன்று சொல்லப் போவதை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அந்த எஞ்சினியர் மஹத்தயாவுக்குத் தமிழில் சொல்லிவிடுங்கள். தியானம் தொடங்க மணி அடித்த பிறகு நீங்கள் லீவு."

லீவு! அரசாங்க உத்தியோகத்தருக்கு இதைவிட விளங்கும்படி யாரும் தியானத்தைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

கதிரையும் பாண் வண்டியும்

அதன் பிறகு வீட்டிலும் உட்காரத் தொடங்கினேன். விடியற்காலையில், முன் அறையில், கதிரையில்தான். தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும்.

ஒளி தெரிந்தது, உடம்பு மிதந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். முழங்கால் கடுத்தது. மூக்கு அரித்தது. கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கும்போதே வீதியில் பாண் ரொட்டி விற்கும் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பிரசாத் குளியலறையில் தொண்டையைக் காறுவான். "ராணி, முடிஞ்சிச்சா? தேத்தண்ணி ஆறுது," என்று வீட்டுக்காரர் கதவில் தலையை நீட்டுவார். இதெல்லாம் போதாதென்று, வெளியே என்ன சத்தம் கேட்டாலும் அதற்குச் சிங்களத்தில் என்ன என்று என் மனம் தேடிக்கொண்டு போகும். காகம் கரைந்தால்கூட மொழிபெயர்க்கப் பார்த்தேன் என்றால் பாருங்கள்.

அது மட்டுமில்லை. வெளியே அமைதியானால் உள்ளே கூட்டம் வந்துவிடும். நான் சொன்ன அத்தனை பேருடைய "நான்"களும். தோட்டைப் பார்த்து அடையாளம் காட்டிய அப்பா, காணியை இழந்தவர், அடித்தவர், அடி வாங்கியவர். முதலில் பயந்து எழுந்து ஓடினேன். சமையலறையில் போய் எதையாவது நறுக்கினேன். சில் மாதாவிடம் சொன்னபோது, "வந்தால் வரட்டும். நீங்கள் அவர்களுக்காகப் பேச வேண்டியதில்லை," என்றார்.

பேசாமல் இருந்து பார்த்தேன். வந்தார்கள். தொண்டையில் முடிச்சு விழுந்தது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முடிச்சுக்குப் பக்கத்திலேயே, அது பாட்டுக்கு மூச்சும் போய் வந்துகொண்டிருந்தது. இத்தனை காலமும் முடிச்சு விழுந்தால் மூச்சு நின்றுவிடும் என்றல்லவா நினைத்திருந்தேன்? நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது தேத்தண்ணி ஆறித்தான் போயிருந்தது. எனக்கு ஏதோ பரீட்சை பாஸான மாதிரி சந்தோஷமாக இருந்தது. ஆறின தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

கூட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் நெரிபட்டு நிற்கும்போதும் பழகினேன். கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று கத்துவார். நானும் மூச்சோடு உள்ளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

மறுபடியும் அந்த அம்மா

மழைக்காலம் முடிந்து, அந்த வழக்கு மறுபடியும் வந்தது. அன்று மொழிபெயர்ப்புக்கு என் பெயர்தான் போட்டிருந்தது.

"வேற யாராச்சும் போகட்டுமே ராணி. லீவு போட்டுரு," என்றார் வீட்டுக்காரர். அன்று அவர் கேலி செய்யவில்லை.

"இல்லைங்க. அந்தம்மா என்னாலதான் ரெண்டாந் தடவ வாராங்க. நா போறேங்க."

இந்த முறையும் குரல் அடைத்தால் வேலையை விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தத் தாயை மூன்றாம் முறையும் அந்தக் கூண்டில் ஏற்றினால், அதை எந்தத் தியானமும் ஆற்றாது.

அந்த அம்மா ஏறினார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் கண்ணில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, நியாயம்தானே. செருப்புக்குள் என் இரண்டு பாதங்களும் தரையில் இருப்பதைத் தெரிந்துகொண்டேன். மூச்சு உள்ளே வந்தது.

"காலையில ரொட்டி சுட்டு வச்சேன்."

சொன்னேன்.

"நேரமாச்சின்னு சாப்பிடாமயே ஓடுனான் எம் மகன்."

தொண்டையில் முடிச்சு வந்தது. வருவதைப் பார்த்தேன். முடிச்சோடேயே சொன்னேன். "என் மகன்" என்று சிங்களத்தில், முழுதாக, கடைசி வாங்குவரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு சட்டத்தரணி, ஆஸ்பத்திரியில் மகனை எந்த நிலையில் பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்த அம்மா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

நீதிமன்றத்தில் பேச்சு நின்றால் எல்லோரும் மொழிபெயர்ப்பாளரைத்தான் பார்ப்பார்கள், ஏதோ எங்கள் மெஷின் பழுதான மாதிரி. முந்திய ராணியாக இருந்தால் பதறியிருப்பேன். "சொல்லுங்கம்மா, கேக்குறது வெளங்குதா?" என்று குரலை உயர்த்தியிருப்பேன். அப்படி எத்தனை பேரை அவசரப்படுத்தினேனோ தெரியாது.

அன்று நான் நின்றேன். அவர் பக்கத்தில், அவர் பேசாமல் இருக்கும்வரை பேசாமல், என் மூச்சு போய் வருவதோடு நின்றேன்.

"சாட்சி என்ன சொல்கிறார்? கேள்வி விளங்கவில்லையா?" என்றார் சட்டத்தரணி சிங்களத்தில், கொஞ்சம் சூடாக.

நான் நீதவான் பக்கம் திரும்பினேன். "கனம் நீதவான் அவர்களே, சாட்சி மௌனமாக இருக்கிறார். அதை அப்படியே அறிவிக்கிறேன்," என்றேன். இத்தனை வருட வேலையில் அப்படியொரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

நீதவான் என்னைப் பார்த்தார். பேனையைக் கீழே வைத்தார். "நேரம் கொடுங்கள்," என்றார்.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"போர்வைய வெலக்கிக் காட்டுனாங்க. ஒத்தக் கால்லதான் சப்பாத்து இருந்திச்சு. அத நா கழட்டி விட்டேன்."

"போர்வையை விலக்கிக் காட்டினார்கள். ஒரு காலில்தான் சப்பாத்து இருந்தது. அதை நான் கழற்றிவிட்டேன்," என்று நான் சிங்களத்தில் சொன்னேன். என் கன்னத்தில் நீர் ஓடியது. ஓடட்டும் என்று விட்டேன். குரல் உடையவில்லை. அவர் சொன்ன ஒரு சொல்லும் கீழே விழவில்லை.

அதற்குப் பிறகு அவர் நிற்கவே இல்லை. கடைசிவரை சொன்னார். கடைசிவரை நானும் சொன்னேன். எல்லாம் எழுதி முடிந்ததும் நீதவான் அந்த அம்மாவைப் பார்த்து இரண்டு வரி சொன்னார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. அந்த வேலையை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டது அன்றுதான். அவருக்குப் பக்கத்தில் போய், அவருடைய தமிழிலேயே சொன்னேன்:

"அம்மா, எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டீங்க. இனி நீங்க வரத் தேவையில்ல."